லூன் எண்ணுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா?

தூண்டில்காரன்:
போன சனி கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு ஏரிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வள்ளத்தை ஒரு குடாப் பக்கம் திருப்பினதுதான் தாமதம், கயாக்கில் ஒரு வெள்ளைக்கார அம்மா வலித்துக்கொண்டு வந்து அந்தப் பக்கம் போகாதே, லூன் பறவை அடைகாக்கிறது என்று மறிக்கிறார். கயிறு கட்டி, அது கூடு வைக்க மிதவை போட்டு, அறிவிப்புப் பலகை வேறு. லூன் எண்ணுகிற தொண்டராம். கனடா ஒரு டொலர் குத்தியில் இருக்கிற அந்த வாத்துக்கு இவ்வளவு காவலா? அழியப்போகிற பறவையும் இல்லை, எந்த ஏரிக்குப் போனாலும் ஒரு சோடி நிற்கிறது. கரையில் கோடை வீடு வைத்திருக்கிற கொட்டேஜ்காரர் ஏரியைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளப் பறவையைச் சாட்டுகிறார்கள், அவ்வளவுதான். அது எங்களைக் கண்டு பயப்படவும் இல்லை. எழும்பி நின்று தண்ணீருக்கு மேல் ஒரு ஆட்டம் ஆடி, கெக்கட்டமிட்டுச் சிரித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், வீடியோ இருக்கிறது.

ஏரிக்கரை:
அண்ணை, முதலில் அது வாத்து இல்லை, முக்குளித்து மீன் பிடிக்கிற வேறு இனம்.

அந்த வீடியோவை ஒருக்கால் சத்தத்தோடு போட்டுப் பாருங்கள். நடுங்கி நடுங்கி வருகிற அந்தச் சிரிப்பு, பயத்தில் போடுகிற சத்தம். செட்டையை அடித்துக்கொண்டு நெஞ்சு நிமிர்த்தித் தண்ணீரில் நிற்பது, கூட்டையோ குஞ்சையோ விட்டு அப்பால் போ என்று உங்களைத் துரத்தப் பார்ப்பது. நானும் முதல் வருடம் ஆட்டம் என்றுதான் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது வருடமாக ஒரு சின்ன ஏரிக்குப் போய் எண்ணுகிறேன். யூனில் சோடி நிற்கிறதா, யூலையில் குஞ்சு பொரித்ததா, ஓகஸ்டில் அந்தக் குஞ்சு உயிரோடு இருக்கிறதா, மூன்று தரம் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். கூடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் விளிம்பில் அழுகின புல்லுக் குவியல், மண்ணிற முட்டை இரண்டு. வள்ளம் கிட்ட வந்தால் அடையிருக்கிற பறவை கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிப் படுக்கும். இன்னும் கிட்ட வந்தால் வழுகித் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு முட்டை காகத்துக்கோ ரக்கூனுக்கோதான்.

வடலி:
எனக்கு வேறு சந்தேகம். இந்தக் கணக்கெடுப்பு கனடாவில் 1981இல் தொடங்கியது, அமில மழை பயத்தில். நாற்பது வருடத்துக்கு மேல் எண்ணி என்ன கண்டார்கள்? எண்ணுவதால் ஒரு குஞ்சாவது கூடப் பொரித்ததா?

ஏரிக்கரை:
எண்ணாவிட்டால் தெரிந்தே இருக்காது. லூன் இருபது முப்பது வருடம் வாழும், முதல் முட்டை இடவே ஐந்தாறு வயதாகும், வளர்ந்தது வருடா வருடம் அதே ஏரிக்குத் திரும்பி வரும். அதனால் அண்ணை பார்ப்பது போல எந்த ஏரியிலும் ஒரு சோடி நிற்கும். எங்கள் ஊரில் விளக்கு எரிகிற வீடுகள் மாதிரி, உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு கிழவர் மட்டும், பிள்ளைகள் எல்லாம் இங்கே ரொறொன்ரோவின் ஸ்காபரோவில். ஆறு வாரம் தாண்டுகிற குஞ்சு சோடிக்குச் சராசரி 0.48 இருந்தால்தான் தொகை குறையாது, அதாவது இரண்டு சோடிக்கு ஒன்று. அந்தச் சராசரி கீழே போகிறது என்பது இந்தச் சனிக்கிழமைத் தொண்டர்களின் தாள்களிலிருந்துதான் தெரிய வந்தது.

தூண்டில்காரன்:
சரி, வீடியோ விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தால் போயிருக்க மாட்டேன். ஆனால் மிதவை எதற்கு? பறவைக்குக் கட்டில் போட்டுக் கொடுப்பதும் இயற்கையா?

ஏரிக்கரை:
ஹாலிபர்ட்டன் ஏரிகள் பலவற்றுக்கு அணைக்கதவு இருக்கிறது, ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்கு அங்கிருந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். மட்டம் ஏறினால் கூடு முழுகும், இறங்கினால் கூடு கரையில் நின்றுவிடும். லூனுக்குக் கால் உடம்பின் பின்பக்கம், நீந்தத்தான் சரி, நடக்க வராது, நெஞ்சால் தள்ளித்தான் ஏறும். மிதவை தண்ணீரோடு ஏறி இறங்கும்.

தூண்டில்காரன்:
அப்போ போய் அணைக்காரனை மறியுங்கள், என்னை ஏன் மறிக்கிறீர்கள்!

ஏரிக்கரை:
அவர்களுக்கும் எழுதுகிறோம். கயாக்கில் எட்டிப் பிடிக்கக் கூடியது உங்கள் வள்ளம்தான், அண்ணை.

வடலி:
இதில் அண்ணை பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஏரிக்கரை:
இருக்கலாம். கயிறு ஒரு மாதக் கதை, நாலு கிழமை அடைகாத்துக் குஞ்சு இறங்கினதும் அவிழ்த்துவிடுவோம். எனக்குப் பெரிய கவலை உங்கள் தூண்டில் பெட்டி. மீன்முள்ளை அரைக்க லூன் ஏரியடியில் சின்னக் கல் பொறுக்கி விழுங்கும், அறுந்து விழுந்த ஈயக்குண்டையும் கல் என்று விழுங்கிவிடும். ஒன்று போதும், சில கிழமையில் செத்துவிடும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷியரில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈயக்குண்டை விற்கவும் போடவும் 2016இல் தடை வந்தது. இங்கே 1997 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்தது போடக்கூடாது. நீங்கள் போன ஏரி பூங்கா இல்லை.

தூண்டில்காரன்:
பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன், நாற்பத்துமூன்று கிடக்கிறது. பாதி இந்த வருடம் வாங்கினது. குப்பையில் போடலாமா?

ஏரிக்கரை:
வேண்டாம். பழைய பெயின்ட், பற்றரி எல்லாம் வாங்குகிற கழிவு நிலையத்தில் கொடுங்கள். கடையில் வெள்ளீயத்தில், டங்ஸ்டனில் குண்டு இருக்கிறது, டங்ஸ்டன் விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

தூண்டில்காரன்:
கொஞ்சமா! பார்த்தேன். வெள்ளீயம் வாங்குகிறேன். ஆனால் கயிறு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.