பழைய டிவி கேமை மறுபடி ஓட விடணும், அடுத்து சோனியோட பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5) கன்சோலா நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2ஆ? யோசனை சொல்லுங்க

எஸ்_கன்_கோவை:

எல்லாருக்கும் வணக்கங்க. ரெண்டு விஷயம் கேக்கணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேந்ததுதான், அதனால ஒரே எடத்துல போடறேன்.

எங்கிட்ட 90கள்ல வாங்கின லிட்டில் மாஸ்டர் டிவி கேம் இன்னும் இருக்குங்க. ரெண்டு ரிமோட்டு, துப்பாக்கி, மேல 9999999 இன் 1னு போட்ட மஞ்ச கேசட்டு, காண்ட்ரா மட்டும் இருக்கற தனி கேசட்டு எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், அடாப்டர் மட்டும் எங்கயோ போயிருச்சு. மே லீவுக்கு என் தங்கச்சி அவ பசங்கள கூட்டிட்டு வர்றா. சின்ன வயசுல காண்ட்ராவுல நான் நீல பேண்ட்டு அவ சிவப்பு பேண்ட்டு, அது மாறவே மாறாது, ரோட் ஃபைட்டரும் சர்க்கஸும் மட்டும் மாத்தி மாத்தி ஆடுவோம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவில படம் போடறதுக்குள்ள முடிச்சிரணும்னு அம்மா சொல்லிருவாங்க. இப்ப பசங்க ஃபோன்ல ஆளுக்கொரு மூலைல ஒக்காந்து ஆடறாங்க. ஒரே டிவி முன்னாடி ரெண்டு பேரு தோளு ஒரச ஒக்காந்து, அங்க பாரு பின்னாடி வர்றான்னு கத்திக்கிட்டு ஆடற சந்தோஷம் இருக்குல்ல, அத அவங்களுக்கு காட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைங்க.

ஹால்ல இருக்கறது 43 இன்ச் எல்ஈடி டிவி. அதுல மாட்டினா ஓடுமா, வாத்து சுடற துப்பாக்கி வேலை செய்யுமா? இதெல்லாம் எதுக்கு, கம்ப்யூட்டர்லயோ ஃபோன்லயோ பழைய கேம ஓட்டற எமுலேட்டர் போட்டுக்கோன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்றான், எனக்கு மனசு ஒப்பல.

ரெண்டாவது, புது கன்சோல் ஒண்ணு வாங்க காசு சேத்து வச்சிருக்கேன். மனசு ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம் பக்கம் இழுக்குது, அதே வரிசைல வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் பிரவுசிங் சென்டர்லயே கெடந்து முடிச்ச ஆளு நானு. ஆனா வீட்டுல எல்லாரும் சேந்து ஆடணும்னா ஸ்விட்ச் 2தான்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஒண்ணுதான் வாங்க முடியும். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ரிச்சி_தெரு_வாசி:

ப்ரோ மொதல்ல அடாப்டர், ஏன்னா அதுலதான் நெறைய பேரோட செட்டு கருகுது. கையில கெடச்சத சொருகிப் பாக்காதீங்க. செட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல எத்தன வோல்ட்டு, நடு பின் ப்ளஸ்ஸா மைனஸான்னு சின்னதா படம் போட்டிருக்கும். அந்த காலத்து டிவி கேம் பெரும்பாலும் 9 வோல்ட் டிசிதான், ஆனா நடு பின் மைனஸா இருக்கற செட்டு நெறைய உண்டு, இப்ப கடையில வர்ற அடாப்டர் பெரும்பாலும் நடு பின் ப்ளஸ்ஸு, அங்கதான் ஆபத்து. ஸ்டிக்கர் அழிஞ்சு போயிருந்தா ஒரு டிவி மெக்கானிக்கிட்ட குடுத்து போர்ட பாத்து சொல்லச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

கேசட்ட ஊதாதீங்க. நாம எல்லாரும் ஊதிதான் வளந்தோம், ஆனா ஓட வச்சது ஊதல் இல்ல, எடுத்து மறுபடி சொருகும்போது பின்னு சரியா உக்காந்துச்சு, அவ்ளோதான். வாய் ஈரம் பட்டு பட்டு அந்த செம்பு பின்னு பச்ச புடிச்சுப் போவும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்னு கேட்டா எலக்ட்ரானிக்ஸ் கடையில குடுப்பாங்க, காது பட்ஸ்ல தொட்டு பின்ன தொடைங்க, பட்ஸ்ல கறுப்பு வர்றது நிக்கற வரைக்கும் தொடைங்க, நல்லா காயட்டும், அப்புறம் போடுங்க.

இப்ப டிவி. எல்ஈடில பழைய மஞ்ச பின் சாக்கெட் (ஏவி சாக்கெட்) இருந்தா படம் வரும், ஆனா நீங்க நெனைக்கற மாதிரி இருக்காது. ட்யூப் டிவி சிக்னல் வர வர கோடு கோடா அப்பவே திரையில வரஞ்சிட்டு போயிட்டே இருக்கும், காத்திருக்கறதே கெடையாது. புது டிவி அப்படி இல்ல, மொத்த படத்தையும் உள்ள வாங்கி, டிவி கேம் அனுப்பற சிக்னல சாதாரண டிவி வீடியோன்னு நெனச்சு கலந்து, பெருசாக்கி, அப்புறம்தான் காட்டும். படமும் மங்கும், பட்டன் அமுக்கினதுக்கும் மாரியோ குதிக்கறதுக்கும் நடுவுல சின்ன தாமதமும் வரும், பள்ளத்து விளிம்புல போய் குதிக்கற பழக்கம் உள்ளவன் நேரா உள்ள விழுவான். டிவில கேம் மோட் போட்டா கொஞ்சம் குறையும். பழைய சிக்னல புது டிவிக்கு மாத்தற வெல மலிவான ஏவி டு எச்டிஎம்ஐ டப்பா வாங்காதீங்க, அதுவும் இதே தப்பத்தான் செய்யும். ரெட்ரோடிங்க் மாதிரி இதுக்குன்னே செஞ்ச கருவி இருக்கு, நல்லா இருக்கும், ஆனா வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், வெலையும் ஜாஸ்தி.

துப்பாக்கி எல்ஈடில சுத்தமா வேலை செய்யாது. அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. துப்பாக்கில இருந்து எதுவும் வெளிய போறதில்ல, அது பாக்க மட்டும்தான் செய்யும், முன்னாடி ஒரு லென்ஸு, உள்ள வெளிச்சத்த உணர்ற சென்சாரு. ட்ரிக்கர இழுத்த உடனே கேம் ஒரு நொடில சின்ன துண்டு நேரத்துக்கு திரை பூரா கறுப்பாக்கி, அடுத்த துண்டுல வாத்து இருக்கற எடத்துல மட்டும் வெள்ள கட்டம் போடும். கறுப்புக்கு அடுத்து சட்டுனு வெளிச்சம் தெரிஞ்சா வாத்து விழுந்துச்சு. ரெண்டு வாத்துன்னா ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ரெண்டு கட்டம். இது மொத்தமும் ட்யூப் டிவியோட வேகத்த நம்பி எழுதினது, எல்ஈடி அந்த வெள்ள கட்டத்த காட்டறதுக்குள்ள கேம் பதில் வரலன்னு முடிவு பண்ணிடும்.

இன்னொண்ணு, தங்கச்சிக்கு சொல்லி வைங்க, அந்த வாத்து சுடற கேம் டக் ஹண்ட்ல ஒரு வாத்து மட்டும் வர்ற ஆட்டத்துல ரெண்டாவது ரிமோட்டால வாத்த பறக்க விடலாம். ஒருத்தர் சுட ஒருத்தர் தப்பிக்க வைக்க, பசங்க விடவே மாட்டாங்க.

அதனால என் பதில்: ஒரு 21 இன்ச் ட்யூப் டிவி தேடுங்க. பழைய சாமான் கடையிலயும் மெக்கானிக் கடையிலயும் சல்லிசா கெடைக்குது, பாதி பேரு எடுத்துட்டு போனா போதும்னு தர்றாங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஓட விட்டு பாருங்க, கலர் ஓரத்துல திட்டு திட்டா இருக்கான்னு பாருங்க. பின் மூடிய மட்டும் நீங்களா கழட்டாதீங்க, ப்ளக்க புடுங்கின பிறகும் உள்ள ஹை வோல்டேஜ் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

பிஎஸ்2_மதுரை:

அண்ணே, ரிச்சி அண்ணன் சொன்னதுக்கு மேல டிவி கேம் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. நான் அடுத்த தலைமுறை, எனக்கு பிஎஸ்2தான் உசுரு. எங்க தெருவுல ஒரு கடை, மணிக்கு பத்து ரூவா, நாலு டிவி, நாலுலயும் கூட்டம், ஸ்மாக்டவுன் ஆட வெளிய வரிசை நிக்கும், கிரிக்கெட் 07 வந்தப்புறம் ஒருத்தன் பேட்டிங்ல நின்னான்னா அடுத்தவனுக்கு சான்ஸே கெடையாது. 2000ல வந்த மிஷின 2013 வரைக்கும் செஞ்சாங்க, 15 கோடிக்கு மேல வித்திருக்கு, அதுக்கு அப்புறம் எந்த கன்சோலையும் நான் இப்படி ஊர் பூரா பாத்ததில்ல. நம்ம நாட்டுல செஞ்ச மொத பிஎஸ்2 கேம் ஹனுமான் கூட 2009ல வந்துச்சு, உலகம் பிஎஸ்3க்கு போயி மூணு வருசம் ஆன பிறகும் இங்க பிஎஸ்2க்கு புதுசா கேம் செய்ற அளவுக்கு ஆளுங்க இருந்தாங்கன்னா பாருங்க.

கன்சோல் கேள்விக்கு வர்றேன். பிஎஸ்5 வாங்குங்கண்ணே. ஜிடிஏ 6, 2026 நவம்பர் 19னு அத செய்ற ராக்ஸ்டார் கம்பெனி அறிவிச்சிருக்காங்க, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் சொல்லியிருக்காங்க, ஸ்விட்ச் 2 பேரே அதுல இல்ல. நீங்க வைஸ் சிட்டில வளந்த ஆளு, அத விட்டுட்டு இருக்க முடியாது உங்களால. ஆனா அது பசங்களோட ஆடற கேம் கெடையாது, அவங்க தூங்கினப்புறம்தான்.

கிள்ளான்_ரெட்ரோ:

வணக்கம் அண்ணா, மலேசியாவிலிருந்து. உங்களுக்கு லிட்டில் மாஸ்டர்னா எங்களுக்கு மைக்ரோ ஜீனியஸ். இங்க பழைய ஆளுங்க எல்லா டிவி கேமையும் மைக்ரோ ஜீனியஸ்னுதான் சொல்லுவாங்க, அது தைவான்ல செஞ்சது. உள்ள எல்லாம் ஒண்ணேதான்: 1983ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம். அந்த டிசைன அப்படியே எடுத்து, பல சிப்ப ஒரே சிப்பா சுருக்கி, மேல கறுப்பு பிசின் ஊத்தி மூடியிருப்பாங்க. அதனாலதான் உங்க கேசட் எங்க செட்டுல ஓடும், எங்களது உங்களதுல ஓடும், எல்லாம் 60 பின். அதே நின்டெண்டோ அமெரிக்காவுல வித்த என்ஈஎஸ் செட்டோட கேசட் 72 பின், அத மட்டும் சொருக முடியாது.

எமுலேட்டர அப்படி ஒதுக்கிடாதீங்க அண்ணா. உங்க கேசட்டுக்கும் வயசாகுது, போர்டு ஒரு நாள் நிக்கும். நான் வீட்டுல மிஸ்டர்னு ஒண்ணு வச்சிருக்கேன், எஃப்பிஜிஏ சிப்பு வச்ச போர்டு, அது பழைய கன்சோலோட சர்க்யூட்டையே உள்ள அமைச்சுக்கும், ட்யூப் டிவியிலயும் மாட்டலாம் புது டிவியிலயும் மாட்டலாம். செலவு கொஞ்சம் ஆகும். அவ்ளோ செலவு வேணாம்னா காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன்னு 2019ல காண்ட்ராவ செஞ்ச கொனாமி கம்பெனியே விட்டாங்க, பிஎஸ்4லயும் ஸ்விட்ச்லயும் இருக்கு, நாம ஆடின அந்த காண்ட்ரா உள்ள இருக்கு. பழைய செட்டு ஒரு நாள் கண்ண மூடினாலும் ஆட்டம் நிக்காது.

ஸ்விட்ச் 2 நல்ல சாமான், 2025 ஜூன்ல வந்த உடனே நான் வாங்கினேன், மாரியோ கார்ட்ல எங்க வீட்டுல பாட்டி வரைக்கும் ஆடறாங்க. ஆனா நின்டெண்டோ இந்தியாவுல நேரடியா விக்கறதில்ல, உங்களுக்கு இறக்குமதி பண்றவங்ககிட்டதான் கெடைக்கும், ரிப்பேர்னு வந்தா யாரு பாப்பாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உங்க எடத்துல இருந்தா யோசிப்பேன்.

சிவப்பு_பேண்ட்:

உங்க போஸ்ட்ட படிச்சதும் என் பேர பாத்து சிரிச்சிருப்பீங்க அண்ணா, ஆமா நானும் ரெண்டாவது ரிமோட்டுதான், எங்க அண்ணன் நீலம். தங்கச்சி பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன்.

மூணாவது ஸ்டேஜ், அருவி. அங்க மொத ஆளு வேகமா மேல ஏறினா திரை நகந்துரும், கீழ இருக்கறவங்க செத்தாங்க. எங்க அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஏறிருவான், நான் ஒவ்வொரு தடவையும் சாவேன், அப்புறம் என் உயிர் தீந்து போனா அவன்கிட்ட இருந்து ஒண்ணு எடுத்துக்குவேன், அதுக்கு ஒரு சண்டை. ஒரே நேரத்துல பல குண்டு சுடற எஸ் துப்பாக்கி விழுந்தா யாருக்குன்னு இன்னொரு சண்டை. இந்த சண்டை எல்லாம்தான் எனக்கு காண்ட்ரா. அருவில தங்கச்சிக்காக நில்லுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுங்க, பசங்க அத பாக்கட்டும்.

முப்பது உயிர் குடுக்கற ரகசிய பட்டன் வரிசைய பசங்களுக்கு சொல்லிக் குடுங்க. மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். உங்க கேசட்டுல எடுக்குதான்னு போட்டுப் பாருங்க, சில கேசட்டுல எடுக்காது. இது காண்ட்ராவுக்காக செஞ்சதே இல்ல, 1986ல க்ரேடியஸ்னு ஒரு கேம ஃபேமிகாமுக்கு மாத்தினப்ப கஸுஹிசா ஹஷிமோட்டோங்கறவர் வச்சது. அந்த கேம் ரொம்ப கஷ்டம், சோதிச்சு பாக்கணும்னா கடைசி வரைக்கும் போகணும், அதுக்காக தனக்கு ஒரு வழி போட்டு வச்சார். அவர் 2020ல காலமாயிட்டார். அந்த மனுஷன் போட்ட வழியில எத்தன ஊர் புள்ளைங்க எட்டாவது ஸ்டேஜ் வரைக்கும் போனாங்க, நினைச்சா எனக்கு நெஞ்சு நெறயுது.

கன்சோல் விஷயத்துல பிஎஸ்5தான் என் ஓட்டு, ஆனா ரெண்டாவது கண்ட்ரோலரும் சேத்து பட்ஜெட் போடுங்க, அது இல்லாம வாங்கினா திரும்பவும் ஒருத்தர் ஆட மத்தவங்க வேடிக்கை பாக்கற கதைதான். ஒண்ணா ஆட கேம் நெறைய இருக்கு. இட் டேக்ஸ் டூ, ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் ரெண்டும் ரெண்டு பேரு இல்லாம ஆடவே முடியாது, சின்ன பசங்கன்னா சாக்பாய், நாலு பேரு வரைக்கும் ஒரே திரையில. முக்கியமா காண்ட்ரா ஆபரேஷன் கலூகா, 2024 மார்ச்ல வந்தது, பழைய காண்ட்ராவ புதுசா செஞ்சிருக்காங்க, கதை ஆட்டம் ரெண்டு பேரு, ஆர்கேட் ஆட்டத்துல நாலு பேரு சேரலாம். காலைல ட்யூப் டிவில பழசு, சாயங்காலம் ஹால்ல புதுசு, கண்ட்ரோலர் ஆளுக்கொண்ணு இருந்தா நீங்க தங்கச்சி பசங்கன்னு நாலு பேரும் ஒரே ஆட்டத்துல.

எஸ்_கன்_கோவை:

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. வாத்த ரெண்டாவது ரிமோட்டுல பறக்க விடலாம்ங்கறது இத்தன வருஷம் தெரியாமயே இருந்திருக்கு, தங்கச்சிக்கு இப்பவே ஃபோன் போட்டு சொல்லிட்டேன், அவ வாத்து நாந்தான்னு முன்பதிவு பண்ணிட்டா.

முடிவு பண்ணிட்டேன். காந்திபுரத்துல தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரு, ட்யூப் டிவி அவருகிட்டயே கேக்கறேன், செட்டையும் எடுத்துட்டு போயி அடாப்டர அங்கயே பொருத்திப் பாத்து வாங்கிக்கறேன். கன்சோல் பிஎஸ்5, கூட ஒரு கண்ட்ரோலரு, கலூகா. ஜிடிஏ அப்புறம் பாத்துக்கலாம், நவம்பர் வரைக்கும் டைம் இருக்கு. ரிச்சி ப்ரோ, ஒண்ணே ஒண்ணு, ட்யூப் டிவில ஏவி சாக்கெட் இல்லாம ஆன்டெனா சாக்கெட் மட்டும் இருந்தா வாங்கலாமா?

ரிச்சி_தெரு_வாசி:

வாங்கலாம் ப்ரோ, உங்க செட்டுல ஆர்எஃப் அவுட் (ஆன்டெனா வயர் மாட்டற சாக்கெட்) இருந்தா ஆன்டெனா வயர்லயே ஓடும், டிவில சேனல் தேடி ட்யூன் பண்ணணும், படத்துல லேசா புள்ளி வரும். ஏவி சாக்கெட் உள்ளது கெடச்சா அத எடுங்க, படம் அதுல நல்லா சுத்தமா இருக்கும். துப்பாக்கி ரெண்டுலயும் சுடும்.