நொய்யல் ஆத்துல லைட் சென்சர் இறக்கினா சாயத்தண்ணி நின்னுருமா?

காங்கேயம்காளை:
ராத்திரி மழை பேஞ்சா போதும், அந்த சாக்குல எவனோ சாயத்தண்ணிய தொறந்து விட்டுடறான், விடிஞ்சு நாம போய் பாக்கறப்ப கரையோரம் நுரை மட்டும்தான் கெடக்கு. எப்பவாச்சும் வந்து பாட்டில்ல மோந்துட்டு போற சாம்பிள வெச்சு என்னத்த புடிக்கறது, பிஓடி, அதாவது தண்ணில இருக்கற அழுக்க கிருமிக தின்ன எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற அளவு, அத பாக்கவே 27 டிகிரில மூணு நாள் வெச்சிருக்கணும். ஆத்துக்குள்ளயே யூவி சென்சர் இறக்குங்க, தண்ணி வழியா லைட்ட அடிச்சு எவ்வளவு உறிஞ்சுச்சுன்னு பாத்து சிஓடிய, அதான் அதே அழுக்க கெமிக்கல் போட்டு எரிக்க வேண்டிய ஆக்சிஜன் அளவ, நிமிசத்துல சொல்லிரும்.

பல்லடம்லேப்:
சொல்லாதுங்க, கணக்கு போட்டு ஊகிக்கும். அந்த யூவி லைட்டோட அலைநீளம் 254 நானோமீட்டர், அதுல மாட்டறது முக்கியமா பென்சீன் வளையம் மாதிரி இருக்கற சரக்குதான், சாயம் தெரியும், சர்க்கரையும் ஆல்கஹாலும் அது கண்ணுலயே படாது. அதவிடுங்க, நம்ம பக்கம் மண்ண கெடுத்தது கலரா உப்பா? 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி வேண்டவே வேண்டாம்னு விவசாயிகளே சொன்னாங்கல்ல, அது டிடிஎஸ்னால, அதான் தண்ணில கரைஞ்சு கெடக்கற உப்பு. சாயம் ஏத்தறதுக்கு போடற சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கரைஞ்சுட்டா தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும். லிமிட் லிட்டருக்கு 2100 மில்லிகிராம், அதுல மூணு மடங்கு போனாலும் உங்க சென்சர் கம்முனு இருக்கும்.

காங்கேயம்காளை:
அப்ப பக்கத்துலயே தண்ணி எவ்வளவு கரண்ட கடத்துதுன்னு பாத்து உப்ப புடிக்கற ஒரு கண்டக்டிவிட்டி புரோப்பும் சேத்து கட்டிட்டா போச்சு. இதுக்கா இவ்வளவு நீட்டி முழக்கறீங்க.

பட்டறைதம்பி:
ரெண்டு பேரும் நல்லா பேசறீங்க போங்க. கம்பெனிகள்ல ஆன்லைன் மீட்டர் வைக்கச் சொல்லி மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014லயே ஆர்டர் போட்டாச்சு, நான் முன்ன இருந்த எடத்துல அந்த புரோப்ப கழட்டி ஒரு பக்கெட் நல்ல தண்ணில போட்டு வெச்சிருந்தாங்க, கிராப்ல கோடு அசையவே இல்ல. பக்கெட்டுக்கு மூடி வேற, கொசு முட்டை போட்டுருமாம். 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைகள மொத்தமா மூடச் சொன்னதுக்குத்தான் பயந்தாங்க, எந்த சென்சருக்கும் இல்ல.

காங்கேயம்காளை:
அதுக்குத்தானே தம்பி ஆத்துல வைங்கறேன், ஆத்த பக்கெட்டுக்குள்ள வைக்க முடியாதுல்ல :)

பல்லடம்லேப்:
ஆத்துல வெச்சா பாசி. ஒரு வாய்க்கால்ல நாங்க போட்டு பாத்தோம், ரெண்டு வாரத்துல கண்ணாடி மேல வழவழன்னு படிஞ்சு, தெளிஞ்ச தண்ணியவே கலங்கல்னு காட்டுச்சு. வைப்பர் வெச்ச மாடலும் இருக்கு, ஆனா வைப்பர் ரப்பர்ல பாலித்தீன் பை சுத்திக்கிச்சுன்னா ஆள் எறங்கித்தான் எடுக்கணும்.

காங்கேயம்காளை:
ரீடிங் துல்லியமா இருக்கணும்னு யாருங்க கேட்டா? பாசி மெதுவா ஏறும், சாயத்தண்ணி ரெண்டு மணிக்கு சடார்னு ஏறும், அந்த வித்தியாசம் தெரிஞ்சா எனக்கு போதும். மேல ஒண்ணு கீழ ஒண்ணு வெச்சா எந்த ஓடை வழியா வருதுன்னும் தெரிஞ்சுரும்.

பல்லடம்லேப்:
அதுவரைக்கும் ஒத்துக்கறேங்க. ஆனா கிராப்ப காட்டி தண்டனை வாங்கித் தர முடியாது. 1974 தண்ணீர் சட்டம் 21வது பிரிவுப்படி கம்பெனிக்காரருக்கு நோட்டீஸ் குடுத்து, அவர் முன்னாடி சாம்பிள ரெண்டா பிரிச்சு சீல் வைக்கணும், இல்லேன்னா அந்த ரிசல்ட் கோர்ட்ல நிக்காது.

பட்டறைதம்பி:
சரிங்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்குது, மழை வேற கொட்டுது. நோட்டீஸும் சீலும் தூக்கிட்டு வர்ற ஆபீசர் அந்நேரத்துக்கு போன எடுப்பாரா?