சூதுக்கு இடம் கொடுப்பவருக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் எங்கள் சனசமூக நிலைய விழாவுக்காக ஒரு நாடகம் எழுதுகிறேன். அதில் வரும் ஒருவர் சீட்டைத் தொடுவதே இல்லை. ஆடுகிறவர்களுக்குத் தன் வீட்டு விறாந்தையை விடுகிறார், தேநீர் கொடுக்கிறார், கையில் காசு தீர்ந்தவனின் மோதிரத்தை வாங்கி வைத்துக்கொண்டு கடன் தருகிறார். ஒவ்வோர் ஆட்டத்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இவரை ஒரே சொல்லில் எப்படி அழைப்பது?

'சூதாடி' பொருந்தாது. 'உடந்தை' என்றால் களவுக்கும் கொலைக்கும் அதே சொல்தான். எனக்கு அது சப்பென்று இருக்கிறது.

திருக்குறளைப் புரட்டினேன். சூது அதிகாரத்தில், 935 ஆம் குறள் 'கவறும் கழகமும் கையும்' என்கிறது. கவறு என்பது சூதாடு கருவி, கழகம் சூதாடும் இடம். (இன்று கழகம் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்!) இடத்துக்குப் பெயர் இருக்கும்போது, அதை நடத்தியவனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டுமே? 1889 ஆம் ஆண்டின் நம் நாட்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம்கூட ஆடுபவரோடு நிற்காமல் இடம் கொடுப்பவரையும் பிடித்தது.

நிகண்டு, பழைய உரை பார்த்தவர்கள் உதவுங்கள். சொல்லின் வேர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் வழங்கும் சொல் கிடைத்தால் இன்னும் நல்லது, வசைச்சொல்லானாலும் பரவாயில்லை. காசு வைக்காமல் 'முந்நூற்று நாலு' என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்களை நான் இதில் இழுக்கவில்லை.