மாமா தந்த ஜெர்மன் குளோப் எந்தக் காலத்தது?

கொக்குவில்காரி:
மாமா ஜெர்மனியில இருந்து வரேக்க ஒரு குளோப் (உலகப்படம் ஒட்டின உருண்டை) கொண்டு வந்து தந்தவர், அங்க பழைய சாமான் சந்தையில எடுத்ததாம். கண்ணாடி உருண்டை, உள்ளுக்கு பல்ப், மரக் கால். கொலம்பஸ் எண்டு போட்டிருக்கு, எங்கட நாட்டுக்கு சிலோன் எண்டு கிடக்கு. இரவில லைட்டைப் போட்டால் அவ்வளவு வடிவு. இது எந்தக் காலத்தது, கொம்பனி இப்பவும் இருக்கோ? தம்பிக்கும் புதுசா ஒண்டு எடுக்க விருப்பம், வேற ஆர் நல்லாச் செய்யினம்? ஓரத்தில பேப்பர் கிளம்பி நிக்குது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

பனங்கூடல்:
நல்ல சாமான் தங்கச்சி, குடுத்துப் போடாதேங்கோ. கொலம்பஸ் 1909 இல பெர்லினில துவங்கினது, இப்பவும் இருக்கு, தெற்கு ஜெர்மனியில செய்யினம். வாயால ஊதின கண்ணாடி உருண்டையில கையால படம் ஒட்டுறது அவையின்ர பெருமை. அந்தப் படம் ஒரே தாள் இல்லை, மாம்பழக் கீலம் மாதிரி ரெண்டு முனையும் கூரான துண்டுகள், வழமையா 12, ஈரமா இருக்கேக்க இழுத்து இழுத்து ஒட்டோணும், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசித் துண்டில கரையோரம் பொருந்தாது, எனக்கு அதை நினைச்சாலே மலைப்பாத்தான் இருக்கு.

சிலோன் எண்டதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ. பேர் மாறினது 1972 இல, அதுக்கு முந்தி எப்பவும் இருக்கலாம். ஆபிரிக்காவில என்ன பேர் கிடக்கெண்டு பாருங்கோ, காலம் பிடிபடும். கானா 1957 இல வந்த பேர், டான்சானியா 1964.

நல்லூர் வாசகன்:
புதுசெண்டால் லைப்சிக்கில 1917 இல துவங்கின ரேத், இத்தாலியில புளோரன்ஸ் பக்கம் நோவா ரிக்கோ. லண்டனில பெல்லர்பி இருக்கு, பீட்டர் பெல்லர்பி எண்டவர் தகப்பன்ர 80ஆவது பிறந்தநாளுக்கு நல்ல குளோப் தேடிக் கிடைக்காமல் தானே செய்யத் துவங்கி 2008 இல கொம்பனியாக்கினவர், எல்லாம் வாட்டர்கலரால கையால தீட்டுறது. விலை கேட்டால் தலை சுத்தும், ஆனா என்ர கண்ணுக்கு இண்டைக்கு அவையை அடிக்க ஆள் இல்லை. தம்பி படிக்கிற பிள்ளையெண்டால் கொலம்பஸே போதும், எழுத்து தெளிவு.

பனங்கூடல்:
பேப்பருக்கு சுப்பர் குளூ வேண்டவே வேண்டாம், பேந்து கழட்டேலாது. பழைய தாள் திருத்திற ஆக்கள் கோதுமை ஸ்டார்ச் (மாச்சத்து) பசைதான் பாவிக்கிறவை, மெல்லிய பிரஷால கொஞ்சமாத் தடவுங்கோ. ஈரத்துணி போடாதேங்கோ, ஜன்னல் வெயிலும் கூடாது. குண்டு பல்பையும் கழட்டி சின்ன எல்இடி போடுங்கோ, சூட்டில தாள் காஞ்சு வெடிக்கும்.

கொக்குவில்காரி:
நன்றி அண்ணா! இப்ப டோர்ச் பிடிச்சுப் பாத்தனான். கானா இருக்கு, டான்சானியா இல்லை, அந்த இடத்தில டங்கனிக்கா எண்ட பழைய பேர்தான் கிடக்கு. அப்ப 57க்கும் 64க்கும் இடையில என்ன? மாமாவுக்கு உடன கோல் எடுக்கப் போறன்.