வாழச்சாலில் மீன் எண்ணிய பத்து நாள்: அணைத் திட்டமும் ஆற்று மீனும், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஆழியாற்றங்கரை:

அதிரப்பள்ளி அருவியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கு 5 கிலோமீட்டர் மேலே வாழச்சால். அங்கே சாலக்குடி ஆறு செங்குத்தாக விழாது, அகலமான பாறைமேல் சரிந்து ஓடும். 2008 பிப்ரவரியில், விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பேராசிரியருக்கு உதவியாக நாங்கள் மூன்று மாணவர்கள் அங்கே மீன் கணக்கெடுக்கப் போனோம். 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்துக்கு முந்தின வருடம்தான் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்திருந்தது. அதற்கு முன்பே இரண்டு தடவை, 2001-லும் 2006-லும், கேரள உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்திருந்தது. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பது அந்த வழக்குகளில் முக்கியமான பிரச்சினை.

திட்டம் இதுதான். வாழச்சாலுக்குச் சற்று மேலே 23 மீட்டர் உயரத்தில் அணை. அங்கிருந்து ஏறக்குறைய 4.7 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் கீழே உள்ள மின் நிலையத்துக்குப் போகும். அணைக்கும் மின் நிலையத்துக்கும் நடுவில் உள்ள ஆற்றுக்கு, அருவியையும் சேர்த்து, நொடிக்கு 7.65 கன மீட்டர் விடுவதாகச் சொன்னார்கள். மாலையில் மின்சாரத் தேவை ஏறும்போதுதான் பெரிய எந்திரங்கள் ஓடும்.

எங்கள் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். வீச்சு வலை, செவுள் வலை, கரையோரத்துக்குக் கைவலை. பிடித்த மீனை வாளியில் விட்டு, அளந்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றில் விடுவோம். சாலக்குடி ஆற்றில் 100-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்த ஆற்றின் பெயரையே வைத்து 1999-ல் விவரிக்கப்பட்ட ஒரு மீனும் இருக்கிறது, 'மிஸ் கேரளா' என்று கண்ணாடித் தொட்டிக் கடைகளில் விற்பார்களே, செங்கணியான், அதன் உடன்பிறப்பு மாதிரி. மூக்கிலிருந்து பாதி உடம்பு வரை சிவப்புக் கோடு, அதன் கீழே கறுப்புக் கோடு. மூன்றாம் நாள் ஒன்று கைவலையில் ஏறியது. வெயில் பட்டதும் அந்தச் சிவப்பு என் உள்ளங்கையில் மின்னியது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்களோடு காடர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் வருவார். எந்தக் கசத்தில், அதாவது ஆற்றின் ஆழமான குழியில், என்ன மீன் கிடக்கும் என்று வலை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஐந்தாம் நாள் சாமான்களை மூட்டை கட்டும்போது, "பிள்ளைகளா, பகல்ல வந்து எண்ணிட்டுப் போயிடுறீங்க. ஒரு ராத்திரி இருந்து பாருங்க" என்றார்.

சரி என்று இருந்தோம். மாலை ஐந்து மணிக்கு ஓரத்தில் ஒரு மூங்கில் கழியை நட்டு, ஒரு சாண் இடைவெளியில் கத்தியால் கீறி வைத்தோம். அப்போது தண்ணீர் கணுக்கால் அளவு. இருட்டின பிறகு சத்தம் மாறியது. மழை இல்லை, மேகம்கூட இல்லை, ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கீறல் முழுகியிருந்தது. மேலே 1957 முதல் பெரிங்கல்குத்து மின் நிலையம் இருக்கிறது. ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் அங்கே எந்திரம் ஓடும், அந்தத் தண்ணீர்தான் எங்கள் கழியைத் தொட்டது.

விடியற்காலையில் ஆறு பழையபடி இறங்கிவிட்டது. பெரியவர் எங்களை நடு ஆற்றுப் பாறைகளுக்குக் கூட்டிப் போனார். பாறைக் குழிகளில் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி, அதில் விரல் நீளக் குஞ்சுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கல்லொட்டி ஈரம் காய்ந்த பாறையில் வாயை ஒட்டியபடியே செத்துக் கிடந்தது. கூழாங்கல் இடுக்கில் கடுகு மாதிரி முட்டைகள். தொட்டால் தோல் சுருங்கியிருந்தது. பத்து மணி வெயிலுக்குள் அந்தக் குழிகளும் வற்றிவிடும் என்றார். குஞ்சுகளை டீ டம்ளரில் மொண்டு மொண்டு ஆற்றில் விட்டோம், கைக்கு எட்டின குழிகளில் மட்டும்.

அன்றைக்குத்தான் எங்கள் பட்டியலில் என்ன குறை என்று எனக்கு உறைத்தது. எந்த மீன் இருக்கிறது என்று எழுதியிருந்தோம். அது எந்த மாதம் முட்டையிடுகிறது, அந்த மாதத்தில் ராத்திரி தண்ணீர் என்ன ஆகிறது என்று ஒரு வரியும் எழுதவில்லை. மீன் என்றால் மழைக்காலத்தில்தான் முட்டையிடும் என்று நாம் பொதுவாக நினைப்போம். செங்கணியான் அப்படியில்லை, அதன் முட்டைப் பருவம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அதாவது ஆறு மெலிந்து கிடக்கிற மாதங்கள். தினமும் ஏறி இறங்கும் தண்ணீர் அதிகம் அடிக்கப்போவது இந்த மீனைத்தான். ஒரு அணைக்கே இந்த நிலை என்றால், அதற்குக் கீழே இன்னொன்று வந்தால்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் தென்னந்தோப்பு பொள்ளாச்சிப் பக்கம். பறம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலம். பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், மேல் சோலையாறு எல்லாமே சாலக்குடி ஆற்றுக்குப் போய்ச் சேரவேண்டிய தண்ணீரைத் தேக்குகிற அணைகள். நான் படித்ததே அந்தத் தேங்காய்க் காசில். அதனால்தான் இந்த ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மலைச்சாரல்:

நான் வால்பாறை. மேல் சோலையாறு அணை என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது கட்டியது. அதற்கு முன்னால் ஓடையில் கை மொத்தத்துக்கு விலாங்கு பிடித்ததாக அம்மாச்சி சொல்லும். பாறை இடுக்கில் சாம்பலைத் தூவினால் வெளியே வந்துவிடுமாம். விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி வந்து, மலையில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். கீழே இத்தனை சுவர் வந்த பிறகு எப்படி ஏறும்? நாற்பது வருடத்தில் எங்கள் பக்கம் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அணையில் இப்போது வலை போட்டால் வருவது திலேப்பியாவும் கட்லாவும். 'அணையில்தான் மீன் நிறைய இருக்கிறதே' என்று சொல்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

கெண்டைக்கால்:

நான் கொஞ்ச காலம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். உத்தராகண்டில் ஒரு சிறிய திட்டத்துக்கு மீன் அத்தியாயம் என் பொறுப்பு. கையில் கொடுத்த பழைய வரைவில், அந்த ஆற்றின் உயரத்துக்கு வரவே வாய்ப்பில்லாத சமவெளி மீன் பெயர்கள் இருந்தன. வேறு ஏதோ அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டியது. அவற்றை நீக்கினேன், ஆனால் களத்துக்குக் கிடைத்தது நான்கு நாள். மழைக்காலத்தில் இன்னொரு தடவை போகவேண்டும் என்று எழுதிக் கேட்டேன், நடக்கவில்லை. அந்த அத்தியாயத்தில் என் உழைப்பு இருக்கிறது என்பது இன்றும் உறுத்துகிறது.

ஆழியாற்றங்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அணைக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் விடவேண்டும் என்பதை, ஆற்றில் வரும் தண்ணீரில் இத்தனை சதவீதம் என்று பேசுவார்கள். கங்கைக்கு 2018-ல் வந்த அரசு அறிவிப்பில், ஹரித்வாருக்கு மேலே நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம் என்று இருக்கிறது. எதுவுமே இல்லாமல் இருந்ததற்கு இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு மின் நிலையத்துக்கு மேலே, தண்ணீர் திருப்பப்பட்ட பகுதியில் இறங்கி நின்றேன். தண்ணீர் ஓடத்தான் செய்தது. அகலமான கற்பரப்பில் பரவி, என் செருப்பு நனையும் அளவுக்கு. அளவுகோலை வைத்தால் பல இடத்தில் நான்கு விரல். அங்கே உள்ள பனி டிரவுட் என்கிற மலையாற்று மீனில் பெரியது அதில் நீந்தினால் முதுகு வெளியே தெரியும். மேலேயும் கீழேயும் நல்ல ஆழமான கசங்கள், நடுவில் அந்த நான்கு விரல் தண்ணீர். மீன் போக முடியாது. எத்தனை சதவீதம் என்று கேட்டால் விதிப்படி சரியாகத்தான் இருந்திருக்கும்.

நெல்மணி:

எங்கள் பக்கத்திலும் ஒரு திட்டம் வருவதாகப் பேச்சு. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது? எங்களுக்கு மீன் அறிவியல் தெரியாது.

ஆழியாற்றங்கரை:

தெரியவேண்டியதில்லைங்க. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும், முதலில் அதை வாங்கிப் படியுங்கள். மீன் பிடித்துப் பார்த்த தேதிகளைத் தேடுங்கள். எல்லாம் ஒரே பருவமாக இருந்தால் எழுந்து நின்று அதைக் கேளுங்கள். அப்புறம், எந்திரம் ஓடாத நேரத்தில் கீழே ஆற்றில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கேளுங்கள். கெண்டைக்கால் சொன்ன மாதிரி, சதவீதம் வேண்டாம், ஆழம் எவ்வளவு என்று. உங்கள் ஊரில் வலை போடுகிறவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவர்கள் சொல்வது நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வாழச்சாலைப் பற்றி ஒரு செய்தி விட்டுப்போனது. 2011-ல், மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய மத்திய அரசு அமைத்த காட்கில் குழு அதிரப்பள்ளித் திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2020-ல் மறுபடி கேரள அரசு தடையின்மைச் சான்று கொடுத்துப் பேச்சு கிளம்பியது. அப்போது பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். கடைசி நாள் ராத்திரி, அந்தப் பெரியவர் சொல்லச்சொல்ல மீன் பெயர்களை ஒரு தாளில் எழுதியிருந்தேன். எங்கள் பட்டியலில் இல்லாதவை பத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதம் சொல்லியிருக்கிறார். 'புதுமழைக்கு ஏறும்', 'சின்ன ஓடைக்குள் போய்த்தான் முட்டை விடும்', 'குயில், இப்போ குறைஞ்சு போச்சு' என்று. அவர் குயில் என்றது பறவையை இல்லை, மஷீர் என்கிற பெரிய ஆற்று மீனை. தாளின் ஓரம் இன்னும் சுருண்டிருக்கிறது, அன்று கை ஈரம். படம் எடுத்து இங்கே போடுகிறேன், என் கையெழுத்து புரியாத இடத்தில் கேளுங்கள்.