மாரியில கடைக் கண்ணாடி துடைச்சால் கோடும் புள்ளியுமாய் நிக்குது, எங்க பிழை?

கிளிநொச்சித் தம்பி:
அண்ணைமாருக்கு வணக்கம். ஏ9 ரோட்டுக் கரையில ஆறு கடைக்கும் ஒரு ரெண்டு மாடிக் கட்டடத்துக்கும் கண்ணாடி துடைக்கிறன். வைகாசி, ஆனியில இதே சாமான், இதே முறை, ஒரு பிரச்சினையும் இல்லை. கார்த்திகை மழை தொடங்கினதில இருந்து காலமை துடைக்கிற கண்ணாடி மங்கலாகி, பிறகு கோடு தெரியுது. ஏசி போட்ட கடைகளில இன்னும் மோசம். காய்ஞ்ச பிறகு வெள்ளைப் புள்ளியும் வருது. மேல் மாடிக்கு ஏணி வைக்கிற இடம் முழுக்கச் சேறு.

பாவிக்கிறது 14 அங்குல ரப்பர் வைப்பர், 10 லீற்றர் வாளிக்குப் பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு மூடி, பழைய துவாய், குழாய்க்கிணற்றுத் தண்ணி. குளிர் நாடுகளில தண்ணிக்குள்ள ஸ்பிரிற் கலக்கினம் எண்டு ஒரு வீடியோவில பார்த்தன். இங்கயும் கலக்கலாமோ?

மாங்குளத்தான்:
தம்பி, ஸ்பிரிற்றை விடுங்கோ. கனடா, நோர்வே போன்ற இடங்களில பூச்சியத்துக்குக் கீழ போனால் தண்ணி கண்ணாடியில பட்ட இடத்திலயே உறைஞ்சிடும், ரப்பரும் விறைச்சிடும். அதுக்காகத்தான் அங்க ஸ்பிரிற்றோ, கார்க் கண்ணாடிக்கு ஊத்துற உறையாத திரவமோ கலக்கிறது. வன்னியில தை மாசக் காலமையிலயும் 20 பாகைக்குக் கிட்டத்தான் நிக்கும். இங்க வேலையைக் கெடுக்கிறது காத்தில இருக்கிற ஈரம்.

ஏசி கடையில நடக்கிறது இது: உள்ளுக்க இருக்கிற குளிரால கண்ணாடி குளிர்ந்து, வெளிக் காத்தின்ர ஈரம் வெளிப்பக்கத்தில படியும். படிஞ்சுகொண்டிருக்கிற கண்ணாடியை எத்தினை தரம் இழுத்தாலும் கோடு போகாது. கடை திறந்து ஏசி போட முதல் வெளிப்பக்கத்தை முடியுங்கோ. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் நிப்பாட்டச் சொல்லி, புறங்கையால கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கோ. குளிர் விட்ட பிறகுதான் தண்ணி போடவேணும். ஏசி இல்லாத கடைக்கு இது மறுவளம். காலமைப் பனி ஈரம் விடும் வரைக்கும் உள்பக்கத்தைச் செய்யுங்கோ, ஒன்பது மணி தாண்டி வெளிப்பக்கம்.

சோப்பு ரெண்டு மூடி மெத்தக் கூட. 10 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி போதும். மாரியில மிஞ்சின சோப்பு லேசில காயாமல் பிசுபிசுப்பாய் நிண்டு தூசியைப் பிடிக்கும். உங்கட கோட்டில பாதி அதுதான்.

பழைய துவாயும் சரிவராது. ஒருக்கா நனைஞ்சால் அது ஈரத்தை எடுக்காது, பூசும். கடைக்கு மூண்டு மைக்ரோபைபர் துணி வையுங்கோ: ரப்பரைத் துடைக்க ஒண்டு, விளிம்புக்கு ஒண்டு, கீழ்ச்சட்டத்துக்கு ஒண்டு. இதைத் தோய்க்கேக்க துணியை மென்மையாக்கிற வாசனைத் திரவம் போடக்கூடாது, அதின்ர கொழுப்பு கண்ணாடிக்கு வரும். மழை நாளில துணி காயாது, ஆனபடியால் இரட்டிப்பாய்க் கைவசம் வேணும்.

இழுக்க முதல் மேல் விளிம்பில ஒரு அங்குலம் காய்ஞ்ச துணியால துடைச்சு விடுங்கோ, அப்பதான் ரப்பர் காய்ஞ்ச இடத்தில தொடங்கும். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு ரப்பரைத் துடைச்சு, அடுத்த இழுவையை முந்தினதுக்கு மேல ரெண்டு அங்குலம் ஏற்றி எடுங்கோ. ஒரே இடத்தில ஒரே கோடு வந்துகொண்டிருந்தால் ரப்பர் விளிம்பில வெட்டு இருக்கு. நகத்தால தடவினால் தெரியும். கழற்றித் திருப்பிப் போட்டால் மற்ற விளிம்பு கிடைக்கும்.

குளத்தடி, வவுனியா:
வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் உங்கட தண்ணி. வன்னியில கனக்க இடத்தில குழாய்க்கிணற்றுத் தண்ணி கடினம். பூநகரி, முழங்காவில் பக்கம் அடியில சுண்ணாம்புக்கல்லே இருக்கு. தண்ணி ஆவியாகேக்க அந்தக் கல்சியம் கண்ணாடியில நிண்டுபோகும். உங்கட கேத்தில் அடியில படியிற அதே வெள்ளைதான்.

ஆனால் மாரியில நல்ல தண்ணி வானத்தில இருந்தே வருது, அதைப் பிடியுங்கோ. மழை தொடங்கி முதல் பத்துப் பதினைஞ்சு நிமிசம் கூரை கழுவுப்படட்டும், அந்தத் தண்ணியை விட்டிடுங்கோ. பிறகு பீலியில இருந்து வாறதைத் துணியால வடிச்சு பரலில சேருங்கோ. பரல் வாயை நுளம்பு போகாத வலையால இறுக்கிக் கட்டவேணும். டெங்கு நுளம்புக்கு ஒரு கிழமை திறந்த தண்ணி போதும்.

மழைத்தண்ணி முடிஞ்சால் ஆர்ஓ தண்ணி, அதாவது மெசினில உப்பு வடிச்செடுத்த தண்ணி. எல்லாத்துக்கும் வாங்கத் தேவையில்லை. முதல் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணி, கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆர்ஓ. குடிக்கிற ஆர்ஓ தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு இருக்கும், ஆனபடியால் தானாய்க் காய விடாமல் வைப்பரால இழுத்தே எடுக்கவேணும்.

ஏற்கனவே பிடிச்ச புள்ளிக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி. துணியை நனைச்சுக் கண்ணாடியில ஒட்டி ஐஞ்சு நிமிசம் விட்டு, தேய்ச்சு, நல்லாய்க் கழுவுங்கோ. கக்கூசு கழுவுற அசிட்டைக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ. அது அலுமினியச் சட்டத்தையும் சீமெந்தையும் அரிக்கும், அந்த நட்டம் உங்கட தலையில வரும்.

முல்லைக்கரை:
ஏணியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதைத்தான் முதல் சொல்லியிருக்கவேணும்.

ஏணி சாயிற இடம் 16 அடி உயரம் எண்டால் ஏணிக்கால் சுவரில இருந்து 4 அடி தள்ளி நிக்கவேணும். சேற்றில ரெண்டு காலும் ஒரே அளவாய்ப் புதையாது. பாரம் ஏறினவுடன ஒரு கால் இறங்கும், ஏணி பக்கவாட்டில சரியும். ரெண்டங்குலத் தடிப்பில மூண்டடிப் பலகை ஒண்டைக் கீழ போட்டு, ஏணிக்கால் வழுக்காமல் பலகையின்ர பின்விளிம்பில ஒரு சட்டம் அறையுங்கோ. மேல் நுனியைத் தூணிலயோ கிறில்லிலயோ கட்டுங்கோ. கண்ணாடியிலயும் பீலியிலயும் சாய்க்கவே கூடாது.

ரோட்டுக் கரைக் கடைகளுக்கு முன்னால மின்கம்பி போகும். அலுமினிய ஏணி, அலுமினியத் தடி ரெண்டையும் கம்பியில இருந்து குறைஞ்சது 10 அடி தள்ளி வைச்சிருக்கவேணும். ஏணியைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போங்கோ, நிமிர்த்தினபடி நடக்கவேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில பின்னேரம் இடி வரும். முழக்கம் கேட்டவுடன இறங்கி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கோ.

அலுமினியச் சட்டத்தின்ர கீழ்த் தண்டவாளத்தில, வெளிப்பக்கம், தண்ணி வடியச் சின்ன ஓட்டை இருக்கும். செம்மண்ணும் ஈசல் செட்டையும் அதை அடைச்சிடும். பிறகு மழைத்தண்ணி கடைக்குள்ள வந்தால் முதலாளி துடைக்கிற ஆளைத்தான் கேப்பார். மெல்லிய கம்பியால குத்தி, ஒரு கோப்பை தண்ணி ஊத்தி வெளியால வடியுதோ எண்டு பாருங்கோ.

கால் விரலிடுக்கு வெடிச்சிருந்தால் நிண்ட தண்ணியில வெறுங்காலோட நிக்காதேங்கோ, பூட்ஸ் போடுங்கோ. மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் அப்பிடித்தான் பிடிக்கிறது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில உங்கட வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

கிளிநொச்சித் தம்பி:
நன்றி அண்ணைமார். ரெண்டு சந்தேகம். ஒரு கடையில கறுப்புப் படம் ஒட்டின கண்ணாடி, ஈசல் செட்டை காய்ஞ்சு ஒட்டிக் கிடக்கு, பிளேட் பாவிக்கலாமோ? மாடிக் கட்டடத்தில புதுசாய்ப் பூசின சுவருக்குக் கீழ கண்ணாடி நரைச்ச மாதிரி இருக்கு, வினாகிரிக்கும் போகேல்லை.

மாங்குளத்தான்:
படம் ஒட்டின பக்கத்தில பிளேட் வேண்டாம், ஒரு இழுவையில கிழியும். அனேகமாய்ப் படம் உள்பக்கம்தான் இருக்கும், விளிம்பை நகத்தால தடவிப் பாருங்கோ. ஈசல் வெளிப்பக்கம் எண்டால் சோப்புத் தண்ணியில நனைச்ச துணியைப் பத்து நிமிசம் ஒட்டி வையுங்கோ, தானாய் விடும். மிச்சத்துக்குப் புதுப் பிளேட், ஈரமான கண்ணாடியில, முன்னுக்குத் தள்ளுறது மட்டும். பின்னுக்கு இழுத்தால் அடியில அகப்பட்ட மணல் கீறும்.

நரைச்சது சீமெந்துத் தண்ணி. புதுப்பூச்சில இருந்து மழையோட வடியிற காரம் கண்ணாடியை அரிக்கும். நாள் போனால் அது அழுக்கில்லை, கண்ணாடியின்ர மேற்பரப்பே போயிட்டுது. மெருகேற்றுற பசை போட்டால் கொஞ்சம் குறையும், முழுசாய் மாறாது. கை வைக்க முதல் போனில படம் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டுங்கோ. சுவர் பூச்சு முற்றும் வரைக்கும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அண்டைக்கே அந்தக் கண்ணாடியைக் கழுவவேணும் எண்டும் சொல்லி வையுங்கோ.