ஆன்டிசால்வென்ட் எத்தனையாவது விநாடியில் ஊற்றுகிறீர்கள்?

சாம்பல்படலம்:
சூரிய மின்கலத்துக்கான எம்ஏபிஐ (மெத்தில்அமோனியம் லெட் அயோடைடு பெரோவ்ஸ்கைட்) படலம் ஹாட் பிளேட்டில் வைத்ததும் பளபளவென்று கறுக்காமல் சாம்பல் பூத்துவிடுகிறது. லெட் அயோடைடு 645 மி.கி., மெத்தில்அமோனியம் அயோடைடு 223 மி.கி., கரைப்பான் டிஎம்எஃப்–டிஎம்எஸ்ஓ 4:1 கலவை 1 மி.லி. சுழற்சி 4000 ஆர்பிஎம், 30 விநாடி. கரைசல் பழசானதால் இப்படி ஆகுமா?

பத்தாவதுவிநாடி:
அளவு சரிதான், 1:1 மோல் வருகிறது. கோளாறு பெரும்பாலும் ஊற்றும் நேரத்தில். ஆன்டிசால்வென்ட் என்பது படலத்தைக் கரைக்காமல் கரைப்பானை மட்டும் விரட்டும் திரவம்; இங்கே குளோரோபென்சீன். அதில் 150–200 மைக்ரோலிட்டரை, சுழற்சி தொடங்கிய 8-லிருந்து 12 விநாடிக்குள், பிப்பெட் நுனியைக் கண்ணாடிக்கு ஒரு செ.மீ. மேலே பிடித்து ஒரே அழுத்தில் விடுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் வளையம் வளையமாகத் தடம் விழும்.

ஊற்றிய பிறகும் படலம் தெளிவாகவே இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ லெட் அயோடைடைப் பிடித்துவைத்திருக்கும் இடைநிலை அது. 100 டிகிரியில் டிஎம்எஸ்ஓ வெளியேறும்போதுதான் கறுப்பு ஏறும், பத்து நிமிடம் போதும். தாமதமாக ஊற்றினால் அதற்குள் படிகங்கள் ஊசி ஊசியாகக் கிளம்பிவிடும். உங்கள் சாம்பல் நிறம் அதுதான். முந்திக்கொண்டால் நடுப்பகுதி அரித்துப்போகும்.

6, 8, 10, 12, 14 விநாடிகளில் ஐந்து கண்ணாடி போட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே படிகச் சோதனை) எல்லாம் அப்புறம். நடுநடுவே க்ளவ் பாக்ஸை (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) பர்ஜ் செய்து உள்வாயுவை மாற்றாவிட்டால் டிஎம்எஃப் ஆவி தேங்கி, ஐந்தாவது கண்ணாடி முதலாவதைப் போல வரவே வராது.

இன்னொன்று: நைட்ரைல் கையுறை டிஎம்எஃப்-ஐ அதிக நேரம் தடுக்காது. மேலே பட்டால் உடனே கழற்றுங்கள்; உள்ளே போவது ஈயம் கரைந்த திரவம்.

அகச்சிவப்பு:
லெட் சல்பைடு குவாண்டம் புள்ளிகளிலும் (நானோ அளவுப் படிகத் துகள்கள்) இதே விநாடிக் கணக்குத்தான். ஆக்டேனில் மி.லி.க்கு 50 மி.கி., 2500 ஆர்பிஎம். பிறகு மெத்தனாலில் மி.லி.க்கு 10 மி.கி. டிபிஏஐ (டெட்ராபியூட்டைல்அமோனியம் அயோடைடு), 30 விநாடி ஊற வேண்டும். சுழற்றிக் காயவைத்து வெறும் மெத்தனாலில் இரண்டு கழுவல். புள்ளிகளைச் சுற்றியிருக்கும் லிகண்டான (மேற்பரப்பில் ஒட்டிய மூலக்கூறு) நீளமான ஓலியேட் போய்க் குட்டி அயோடைடு வந்து உட்காருவதால் படலம் சுருங்கி வெடிக்கும். அடுத்த பூச்சு அந்த வெடிப்பை நிரப்பும். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு பூச்சு. பொறுமையில்லாமல் ஒரே தடித்த பூச்சாகப் போட்டால் வெடிப்பு வழியே மேல் மின்முனைத் தங்கம் இறங்கி ஷார்ட் ஆகும். ஒளி டிடெக்டரில் இருட்டு மின்னோட்டம் (ஒளி படாதபோதும் ஓடுவது) எகிறும். அதற்காகக் கழுவலைக் கூட்டவும் கூடாது, மெத்தனால் லிகண்டையே உரித்துவிடும்.

கடைசி இரண்டு பூச்சுக்கு மட்டும் டிபிஏஐ-க்குப் பதில் ஈடிடி (எத்தேன்டைதயால்), அசிட்டோநைட்ரைலில் 0.02 சதவீதம். 2014-இல் எம்ஐடி குழு சூரிய மின்கலத்தில் 8.55 சதவீதச் செயல்திறன் எடுத்தது இந்த டிபிஏஐ–ஈடிடி அடுக்கில்தான்.

சாம்பல்படலம்:
12-இல் சாம்பல், 9-இல் கண்ணாடி மாதிரி. அந்த ஈடிடி நாற்றத்துக்கு என்ன வழி?

அகச்சிவப்பு:
பிப்பெட் டிப், கையுறை எல்லாவற்றையும் ஃப்யூம் ஹூடுக்குள்ளேயே நீர்த்த பிளீச்சில் ஊறப்போடுங்கள். மிச்சக் கரைசலை மட்டும் பிளீச்சில் கொட்டாதீர்கள். அதற்குத் தனிப் பாட்டில்.